கோபித்துக்கொண்டு வெளியேறிய வெள்ளையணுக்கள்

வில்லூரணிக் கீழத்தெருவில், வெயில் ஏற ஏற உளுந்து மாவின் வாசம் தூக்கலாக வீசிக்கொண்டிருந்த ஒரு பங்குனிக் காலையில், வாசலில் நின்று ஆவுடைத்தங்கம் நீளமாக ஒரு கொட்டாவி விட, அந்தக் கொட்டாவி வழியாக அவள் உடம்பிலிருந்த வெள்ளையணுக்கள் அத்தனையும் கோபித்துக்கொண்டு வெளியேறி, ஒன்றன் பின் ஒன்றாகத் தெருவில் போய் உட்கார்ந்துகொண்டன. வெளிக்காற்று பட்டதும் அவை ஆளுயரம் ஆகிவிட்டதால் இனி அவற்றை அவர்கள் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. துவைத்துக் கஞ்சி போட்ட வேட்டியின் வெள்ளை. முகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் யாராவது தங்களைக் கடந்து போனால் அந்த இல்லாத முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

கீழத்தெருவுக்கு இது ஒன்றும் புரியாத விஷயம் இல்லை. அங்கே கோபித்துக்கொண்டு வெளியேறுவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கல்யாண வீட்டில் தனக்கு ஆகாத ஆளைப் பந்தியில் பார்த்துவிட்ட சித்தப்பா, இலையை மடிக்காமல் எழுந்து வந்து, பந்தலுக்கு வெளியே எல்லோர் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்து நாற்காலி போட்டுக்கொள்வார். ஊருக்கும் போகமாட்டார், உள்ளேயும் வரமாட்டார். வீட்டுக்குரியவர் வந்து, அந்த ஆள் ஏன் உள்ளே இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடுகிறவரை அப்படியே இருப்பார். ஆவுடையின் வெள்ளையணுக்கள் உட்கார்ந்திருந்த இருப்பைப் பார்த்ததுமே தெருவுக்கு விளங்கிவிட்டது. உள்ளே ஆகாத ஆள் ஒன்று இருக்கிறது. அது யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அது ஆவுடையின் அக்கா கோமுவின் சிறுநீரகம்.

ஆவுடை சந்தேகக்காரி. இதைக் குறையாகச் சொல்லவில்லை, சிலருக்கு உயரம் அமைகிற மாதிரி அவளுக்குச் சந்தேகம் அமைந்திருந்தது. பாலை முகர்ந்து பார்த்துவிட்டுப் பால்காரனையும் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பாள். பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறையைக் கேட்காமலே கொடுத்துவிட்டால், இறங்குகிறவரை எதற்காகக் கொடுத்தான் என்று யோசித்துக்கொண்டு வருவாள். ஒரு வருஷம் ஆடிக்காற்றில் அவள் காயப்போட்ட அப்பளம் எல்லாம் நாள் தவறாமல் நொறுங்கிப் போனது. அவள் நடுத்தெருவில் நின்று, யார் கண்ணு பட்டதென்று எனக்குத் தெரியும் என்று நாலு வீடு தள்ளியிருந்த கோமுவின் வாசலைப் பார்த்துச் சொன்னாள். கோமு புருஷனை இழந்து தனியாக அப்பளம் போட்டுப் பிழைக்கிறவள். கேட்டுக்கொண்டிருந்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றோடு அக்கா தங்கச்சிக்குள் பேச்சு நின்றது.

பேச்சுத்தான் நின்றதே தவிர கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை, ஏனென்றால் அந்தத் தெருவில் இரண்டும் வேறு வேறு. பேசாத வீட்டுக்கும் விசேஷத்துக்குப் பணியாரம் போகும், மூன்றாவது ஆள் கையில் போகும், பாத்திரம் கழுவித் திரும்பி வரும். கோமு வீட்டுப் பணியாரத்தை ஆவுடையின் புருஷன் சிவனுதான் வாங்கிக்கொண்டு வருவான். ஆவுடையின் இரண்டு சிறுநீரகங்களும் ஓய்ந்துபோய், பெரிய ஆஸ்பத்திரியில் ரத்த உறவுக்காரர் யாராவது ஒன்று கொடுத்தால் நல்லது என்று சொன்னபோது, கோமுவின் சிறுநீரகமும் அப்படித்தான் வந்தது. சிவனுவிடம் சொல்லியனுப்பினாள், வந்தாள், படுத்தாள், அறுத்துக் கொடுத்தாள், ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஆவுடைக்கு உயிர் வந்தது, தூக்கம் போனது. எதற்குக் கொடுத்தாள்? அவளுக்கு என்ன வேண்டும்? ஒருநாள் வந்து கேட்பாள், அன்றைக்குத் தெரியும் என்று காத்திருந்தாள், கோமு கேட்கவே இல்லை, கேட்காதது இன்னும் பெரிதாக எதையோ கேட்கப் போவதற்காகத்தான் என்று ஆவுடைக்குத் தோன்றியது. உள்ளே இருக்கிற காவல்காரர்கள் புதுச் சிறுநீரகத்தை அடித்துவிடாமல் மந்தமாக இருப்பதற்கு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரன் மாத்திரையை மாற்றிவிட்டான் என்ற சந்தேகத்தில் அதில் பாதியை அவள் கோழிகளுக்குப் போட்டாள். மாத்திரை தின்ற கோழிகள் பூனையைப் பார்த்தும் ஓடாமல் பக்கத்தில் போய் நின்றன. அவளுக்குள் மந்தம் தெளிந்தவர்கள் கண்ணை விழித்து, ஒரு மூலையில் தங்களுக்குச் சொல்லாமல் குடிவைத்திருந்த அந்நியச் சதையைப் பார்த்தார்கள். அதை அடித்திருக்கலாம். ஆனால் அவர்களும் கீழத்தெரு உடம்பில் வளர்ந்தவர்கள்தானே, முதலில் கோபித்துக்கொண்டு வெளியேறுவது என்று முடிவுசெய்தார்கள்.

முதல் நாள் தெரு கதவைச் சாத்திக்கொண்டது. மறுநாள் அப்பளம் காயப்போட வேண்டுமே என்று திறந்துகொண்டது. யாரோ ஒருத்தி தைரியமாக ஒரு டம்ளர் மோர் நீட்டினாள். அவர்களில் ஒருவர் அதை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, முகர்ந்துவிட்டு, குடிக்காமல் கீழே வைத்தார், அச்சு அசல் ஆவுடை மாதிரியே இருக்கிறது என்று தெரு சிரித்தது, அதற்குப் பிறகு யாரும் பயப்படவில்லை. அவர்களுக்கு ஆவுடை வீட்டு ஆட்கள் என்று பெயர் வந்தது. கவுன்சிலர் வந்து அவர்களுக்கு ஓட்டு உண்டா என்று விசாரித்தார். பெண்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் பழகினார்கள்.

பழகப் பழகத்தான் அவர்களுடைய விவரம் தெரிந்தது. ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு குழி இருந்தது. ஒருவர் குழி மாதிரி இன்னொருவருக்கு இல்லை. எது எதிர்ப்பட்டாலும் அந்தக் குழியில் பொருத்திப் பார்ப்பார்கள், பொருந்தாவிட்டால் விட்டுவிடுவார்கள். ஒருவருக்கு ஒரே ஒரு எதிரிதான், அவன் யாரென்று அவருக்கே தெரியாது, வந்து கையில் பொருந்தினால்தான் உண்டு. வராமலே போனவர்கள்தான் அதிகம். அப்படிப்பட்டவர்கள் ஒருநாள் விளக்குக் கம்பத்தில் சாய்ந்தபடியே செத்துப் போனார்கள். தெரு அவர்களை வாய்க்காலோரம் புதைத்துவிட்டு, எதற்காகக் காத்திருந்தார்கள் என்று தெரியாததால் ஒன்றும் சொல்லி அழாமல் திரும்பி வந்தது.

போனவர்களுக்குப் பதில் புதியவர்கள் ஆவுடை காலையில் சோம்பல் முறிக்கிறபோது அவள் எலும்பு மூட்டுகளிலிருந்து வந்தார்கள். அவர்களை உடனே காவலுக்கு விடுவதில்லை. ஆவுடை தெருவில் நடக்கும்போது பழையவர்கள் அவர்களைக் கூடவே கூட்டிப்போவார்கள், அவள் கண் படுகிற ஒவ்வொரு வாசலையும், ஆட்டையும், மனுஷரையும் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். யார் கையில் சொந்த வீட்டுப் பொருள் பொருந்திப் பிடித்துக்கொண்டதோ அவரைப் பழைய செக்கு மேட்டுக்குப் பின்னால் அழைத்துப் போவார்கள். அவர் திரும்பி வருவதில்லை. சொந்தத்தைப் பிடிக்கிற கையை வைத்திருக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். கோமுவின் வாசல் வந்ததும் ஆவுடை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆகவே அந்த ஒரு வாசலை மட்டும் யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

சித்திரையில் மணல்வாரி அம்மை வந்தது. வெள்ளை ஆட்கள் தெருவுக்கு வந்ததிலிருந்து நோயும் ஆள் மாதிரி தெரிய ஆரம்பித்திருந்தது. டவுன் பஸ்ஸிலிருந்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கியவனை, யார் வீட்டு விருந்தாளியோ என்று தெரு விட்டுவிட்டது, அடுத்த சில நாளில் குழந்தைகளுக்குக் கண் சிவந்து மேலெல்லாம் தடித்தது. வெள்ளை ஆட்களில் கை நீளமான சிலர் உண்டு, எதையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு திரிகிறவர்கள். அவர்களில் ஒருவர் அவன் துண்டின் நுனியைக் கிழித்துக்கொண்டு குழாயடிக்கு வந்து தூக்கிப் பிடித்தார். மற்றவர்கள் வரிசையாக வந்து கையை வைத்துப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்குகிற மாதிரி தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள், கடைசியில் ஒல்லியாக ஒருவர் வந்து வைத்தார், பொருந்தியது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டு பேரானார், அவர்கள் நாலு பேரானார்கள், வாரம் முடிகிறதற்குள் தெருவில் அப்பளம் காயவைக்க இடமில்லாமல் அவரே நிறைந்திருந்தார்.

அவர்களில் ஒரு சாரார் உட்கார்ந்த இடத்திலேயே உள்ளங்கையிலிருந்து கவட்டைக் குச்சிகளைப் பிறப்பித்து வீசினார்கள். ஒவ்வொரு கவட்டையின் இரண்டு நுனியும் அந்த ஒருத்தன் மேல் மட்டும் போய் ஒட்டிக்கொண்டது, வேறு யார் மேலும் ஒட்டவில்லை. கவட்டை ஒட்டியவன் யார் வீட்டுக் கதவுக்குள்ளும் நுழைய முடியாமல் நடுத்தெருவில் தடுமாற, வெள்ளை ஆட்களிலேயே பெருந்தீனிக்காரர்கள் சிலர் வந்து அவனை விழுங்கினார்கள். இன்னொரு சாரார் அவன் ஏற்கெனவே நுழைந்து ஒளிந்துகொண்ட இடங்களைத் தேடிப்போய் இடத்தோடு சேர்த்து இடித்தார்கள். சிவனு கட்டிய கோழிக்கூண்டும் அதில் போனது. சொந்தக் கூண்டாயிற்றே என்று அவன் கத்தினான், உள்ளே எதிரி இருந்தால் சொந்தக் கூண்டும் கூண்டு இல்லை என்கிற மாதிரி அவர்கள் வேலையைப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்ததும் அந்த ஒல்லி ஆட்களில் பெரும்பாலோர் செத்துப் போனார்கள். மிச்சமிருந்த ஒரு சிலர் அவனை ஞாபகம் வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்தில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டார்கள். மணல்வாரி அடுத்த தடவை வந்தபோது பஸ்ஸிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்ததோடு சரி.

ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் எஸ்தர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, பக்கத்து ஊர்களில் சுற்றிக்கொண்டிருந்த வேறொரு நோயின் செத்த உடம்பை ஒரு சின்னப் பெட்டியில் கொண்டுவந்து குழாயடியில் வைத்தாள். செத்ததுதானே என்று விடாமல் அவர்கள் அதிலும் நுனியைக் கிழித்து, ஆளைக் கண்டுபிடித்து, பெருகி, ஒத்திகை பார்த்து, ஞாபகக்காரர்களை உட்காரவைத்தார்கள். தெருவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமையோடு இன்னொன்றும் வந்தது. பார்த்துப் பார்த்து மனுஷருக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. வளையல்காரன் வந்தால் அவன் சட்டை நுனியைக் கொடுத்துவிட்டு உள்ளே வா என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்களைக் குழாயடியிலேயே நிறுத்தினார்கள். ஒரு வீட்டு மருமகள் தன் மாமியாரின் சேலை நுனியைக் கிழித்துக்கொண்டு போய்க் காட்டியதாகவும் சொல்கிறார்கள். ஆவுடைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னைப் போல நாலு பேர் இருக்கிறார்கள் என்ற நிம்மதி வந்தது.

அந்த நிம்மதியில் இருந்தபோதுதான் நீளக்கைக்காரர் ஒருவர் தற்செயலாகக் கோமுவின் வாசலில் காய்ந்துகொண்டிருந்த சேலையைத் தடவினார். நின்றார். திரும்பத் தடவினார். நுனியைக் கிழித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். உள்ளே மூலையில் குடியிருந்த அந்நியத்தின் அதே சாயல், அதே ஓரம். இந்தத் தடவை ஒருவருக்கு இல்லை, பல பேர் கைக்குப் பொருந்தியது. பொழுது சாய்கிறதற்குள் கோமுவின் வாசல் வெள்ளையாகிவிட்டது. கதவில், ஜன்னலில், அம்மியில், அவள் எட்டிப் பார்த்தபோது அவள் தோளில் எல்லாம் கவட்டைக் குச்சிகள் வந்து ஒட்டின.

தெரு அவர்களை விரட்டவில்லை. மணல்வாரியைப் பிடித்தவர்கள் தப்பாகவா பிடிப்பார்கள் என்று கேட்டது. கோமு ஏதோ செய்திருக்கிறாள், அந்தச் சிறுநீரகத்துக்குள் ஏதோ வைத்து அனுப்பியிருக்கிறாள் என்று ஒரு வாய் சொல்ல, இன்னொரு வாய் அந்தக் காலத்து அப்பளக் கதையை எடுத்தது. அவளிடம் அப்பளம் வாங்குகிறவர்கள் நிறுத்தினார்கள். அவள் வீட்டுப் பணியாரம் எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஆவுடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு சந்தோஷம் நெஞ்சில் எழும்பியது உண்மை. அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

சந்தோஷம் நீடிக்கவில்லை. அரிவாள்மணையில் பட்ட கீறல் ஆறாமல் சீழ் பிடித்தது. வாயெல்லாம் புண். சாயங்காலமானால் குளிரெடுத்துக் காய்ச்சல் வந்தது. நர்ஸ் எஸ்தர் வந்து பார்த்துவிட்டு, ஆட்கள் எல்லாம் தெருவைக் காவல் காக்கிறார்கள், உள்ளே காவலுக்கு ஒரு ஆள் இல்லை, பெருக்கித் தள்ளுகிற தூசி கூட இந்த உடம்பைக் கொன்றுவிடும் என்றாள். சரி, கூப்பிடுகிறேன் என்றாள் ஆவுடை. எஸ்தர் தலையை ஆட்டினாள்.

"இப்பக் கூப்பிட்டா வருவாங்க. வந்ததும் மொத வேலையா அந்தச் சிறுநீரகத்தைத்தான் அடிப்பாங்க. அதுவும் போயிருச்சின்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

அப்ப நான் என்னதான் செய்ய என்று ஆவுடை கேட்டாள். எஸ்தர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவர்கள் இன்னார் சொந்தம், இன்னார் அந்நியம் என்று பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருவதில்லை, நீங்கள் காட்டுகிற வாசலைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள், ஒரு வாசலை நீங்கள் காட்டவே இல்லை என்றாள். சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆவுடைக்கு எஸ்தர் மேலும் சந்தேகம் வந்தது, கோமு சொல்லிக் கொடுத்து அனுப்பியிருப்பாளோ என்று. காய்ச்சலோடு ஒரு பகல் முழுக்க அதையும் யோசித்துப் பார்த்தாள். யோசித்து முடிக்கிற நேரம் எழுந்து நிற்கவே ஆகவில்லை. சாக வேண்டும் என்று அவளுக்கு ஆசை இல்லை, அதைவிட, காரணம் தெரியாமல் சாவதற்கு ஆசை இல்லை. சிவனுவின் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நாலு வீடு தூரத்துக்குள் நான்கு தடவை உட்கார்ந்தாள். கோமு வாசலில் நெருக்கியடித்து நின்ற வெள்ளை ஆட்கள் தங்கள் வீட்டுக்காரியைப் பார்த்து வழிவிட்டார்கள், ஆனால் கையை இறக்கவில்லை. அவள் கதவில் ஒட்டியிருந்த கவட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள். தெரு முழுக்க அவரவர் வாசலில் நின்று பார்த்தது.

"யக்கா," என்றாள். கதவைத் தட்டிவிட்டுத் திரும்பவும் சொன்னாள். "யக்கா, கதவத் தொற."

உள்ளே தாழ்ப்பாள் விலகியது. கோமு இளைத்துக் கறுத்துப் போயிருந்தாள், தலைமுடியில் கூட இரண்டு கவட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லு," என்றாள் ஆவுடை. "எனக்கு என்னத்துக்குக் குடுத்த?"

"என்னத்துக்கா?" கோமு கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "நீ அப்பம் நடுத்தெருவுல நின்னு எங் கண்ணு பட்டுட்டுன்னு சொல்லிட்டுப் போயிட்ட. அதுக்கப்புறம் நீ செத்தும் போயிட்டன்னா, இந்தத் தெரு என்னய என்ன சொல்லும்? அவ கண்ணுதான் தங்கச்சியக் கொன்னுட்டுன்னு நான் சாகுத வரைக்கும் சொல்லும். அத யாரு கேட்டுக்கிட்டு இருக்க? அதான் குடுத்தேன். போதுமா?"

ஆவுடை அந்தப் பதிலை வாங்கிப் பாலைப் போல முகர்ந்து பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாசம் என்று கோமு சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள். புண்ணியம் என்று சொல்லியிருந்தால் அப்போதே திரும்பி நடந்திருப்பாள். இது நியாயமான காரணம், கீழத்தெருவில் யாருக்கும் இருக்கக்கூடிய காரணம், அவளே கோமுவின் இடத்தில் இருந்திருந்தால் யோசித்திருக்கக்கூடிய காரணம். இத்தனை நாள் உள்ளே இறுகிக் கிடந்தது இளகி, அவளுக்கு அழுகை வந்தது, அழுகையை மறைக்க அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

காய்ச்சலில் கிடுகிடுவென்று நடுங்கியவளைக் கோமு கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் பாயில் போட்டாள். அங்கேயே கிடந்தாள். எஸ்தர் காலையும் மாலையும் வந்து ஊசி போட்டாள். கோமு உப்பில்லாத கஞ்சி காய்ச்சி ஊற்றினாள், மாத்திரையை முழுசாக விழுங்குகிறாளா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள், திட்டினாள், பிறகு தலையைக் கோதிவிட்டாள். காலையில் ஆவுடை சோம்பல் முறித்தபோது மூட்டுகளிலிருந்து வந்த புதியவர்கள் கண்ணைத் திறந்ததும் முதலில் பார்த்தது கோமுவைத்தான். அவளைத் தொட்டுப் பார்த்தார்கள். பொருந்திப் பிடித்துக்கொண்ட கைகள் செக்கு மேட்டுக்குப் போயின. மிஞ்சியவர்களில் சிலர் தெருவில் இறங்கி, இன்னும் கையை ஓங்கிக்கொண்டு நின்ற பழைய ஆட்களின் பக்கத்தில் போய்த் தோளில் கையை வைத்தார்கள், அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தார்கள். ஓங்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. எல்லாம் இல்லை, பெரும்பாலும்.

பிறகு ஒருநாள் ஆவுடை கோமு வீட்டு வாசலில் நின்று, கல்யாண வீட்டுக்காரர் கூப்பிடுகிற மாதிரி, உள்ளே இருக்கிறது எங்க அக்காவுடையது, வாங்க என்று கூப்பிட்டாள். அவர்கள் எழுந்தார்கள், வேட்டியை உதறிக்கொண்டார்கள், வந்தார்கள். தெருவில் அவர்கள் உட்கார்ந்திருந்த இடம் காலியானதும் எல்லோரும் அவசர அவசரமாக அப்பளம் காயப்போட்டார்கள். கோமுவைப் பற்றிப் பேசிய வாய்கள் எல்லாம் தாங்கள் ஒன்றும் பேசவில்லை என்று இருந்துகொண்டன.

ஆவுடையின் கீறல் ஆறியது, காய்ச்சல் விட்டது, சிறுநீரகம் தன் பாட்டுக்கு வேலை செய்தது. அக்காவும் தங்கச்சியும் பேசிக்கொண்டார்கள், பேசிய நேரத்தைவிடச் சண்டை போட்ட நேரம் அதிகம். ஒருநாள் மத்தியானம் கோமு அப்பளத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். குனிந்து நிமிரும்போது முந்தானை விலகி, விலாவுக்குக் கீழே அறுத்துத் தைத்த தழும்பு தெரிந்தது. நீளமான தழும்பு. ஆவுடை அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து ஒருத்தி இவ்வளவு தூரம் அறுக்கக் கொடுப்பாளா என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அக்கா தன்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள் என்று தோன்றியது. வாழ்நாளில் முதல் தடவையாக, கேட்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, உலக்கையை வாங்கித் தானும் இடித்தாள்.